வலப்பக்கப் பாக்கெட்

அந்தத் தெருவில் அவசரமாகச் சட்டை வேண்டும் என்பவர்கள் பந்தய டெய்லரிடம் போகமாட்டார்கள். நன்றாகத் தைத்த சட்டை வேண்டும் என்பவர்கள் மட்டும் போவார்கள். போய், அவர் சொன்ன தேதிக்கு மேல் நாலு நாளைத் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள். தாமதத்துக்குக் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மெஷினுக்கு இடது பக்கம், நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனில் எப்போதும் ஒரு பழைய பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும். காரோ மோட்டார் சைக்கிளோ, அவருக்குப் பேதமில்லை. நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்தியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். காலரை வளைக்கும் நேரத்தில் படத்தில் காரும் வளைந்தால் டெய்லரின் கால் மிதியை விட்டுவிடும். காலர் அப்படியே நிற்கும், கார் திரும்பி முடிகிற வரைக்கும்.

இத்தனைக்கும் மனிதருக்குச் சைக்கிளே நேராக ஓட்டத் தெரியாது. ஒருமுறை மளிகைக்கடைக்காரர் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனபோது, முதல் திருப்பத்திலேயே தோளைத் தட்டி இறங்கிக்கொண்டு, "நீங்க முன்னால போங்க, நான் நடந்தே வந்துடறேன்" என்று சொன்னவர் அவர். பந்தய டெய்லர் என்ற பெயரை அன்றைக்குத்தான் மளிகைக்கடைக்காரர் வைத்தார். பெயரும் நிலைத்துவிட்டது.

கடையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது அவர் மனைவி. கை வேகம், வாய் அதைவிட வேகம்.

"ஏங்க, உங்க மாப்பிள்ளைங்க எல்லாரும் ஓடி முடிச்சாச்சுன்னா அந்த நீலச் சட்டைக்குக் கை வைக்கலாமா? அந்த வாத்தியார் மூணாவது தடவையா வந்துட்டுப் போயிட்டார்."

"ரெண்டு சுத்துதான் பாக்கி."

"ஜெயிச்சவன் யாருன்னு ஐம்பது வருஷம் முன்னாலயே தெரிஞ்சு போச்சு. இன்னும் என்ன பதைபதைப்பு?"

டெய்லருக்கு ஜெயிப்பவனைப் பற்றிக் கவலையே இல்லை. இப்போது நடக்கும் பந்தயங்களை அவர் பார்ப்பதும் இல்லை. அதில் மனிதன் எங்கே தெரிகிறான், டப்பா டப்பாவாகத்தானே போகிறது என்பார். பழைய படங்களில் ஓட்டுகிறவனின் முழங்கை வெளியே தெரியும். உதட்டைக் கடித்துக்கொள்வது தெரியும். வண்டியைத் தள்ளிவிடும் மெக்கானிக் கழுத்தில் டை கட்டியிருப்பார். கிரீஸ் கையை அந்த டையிலேயே துடைப்பார். நேரம் குறிக்கும் பெண் மடியில் நோட்டும் கையில் கடிகாரமுமாக, ஒரு வண்டியையும் நிமிர்ந்து பார்க்காமல் பந்தயம் முழுவதும் உட்கார்ந்திருப்பாள். நடுவில் ஒரு நாய் பாதையைக் கடந்து போகும். பெரும்பாலான படங்களில் சத்தம் கிடையாது. டெய்லரின் மெஷின் சத்தமே அதற்குப் பின்னணி. அது பொருத்தமாக வேறு இருக்கும்.

தொழில் புத்தியும் சும்மா இருக்காது. பந்தயக்காரர்களின் முழு உடுப்பைப் பார்த்தால் முட்டியில் போட்ட ஒட்டு ஒற்றைத் தையலா இரட்டைத் தையலா என்று கண்ணை இடுக்குவார். இடுப்பில் துணி சுருங்கினால், "இவன் டெய்லர் உக்காரவச்சு அளவெடுக்கல. நிக்கவச்சே எடுத்துட்டான்" என்று தலையில் அடித்துக்கொள்வார். இவ்வளவு பிரியமாக ஒரு மனிதர் அடுத்தவர் தையலைத் திட்டி யாரும் கேட்டிருக்க முடியாது.

ஆனால் மனைவிக்கு இன்னொன்றும் தெரியும். கல்யாணமான இரண்டாம் வருடமே, செல்போனுக்கு முந்திய வீடியோ கேசட் காலத்திலேயே, கண்டுபிடித்துவிட்டாள். வண்டி படத்தின் நடுவில் போகும்போது இவர் கண் ஓரத்தில் இருக்கும். அங்கே, வளைவுகளில், கொடி பிடித்துக்கொண்டு யாராவது நிற்பார்கள். பந்தயத்தில் எவனாவது விழுந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு மஞ்சள் கொடி ஆட்டி எச்சரிப்பது அவர்கள் வேலை. அந்த ஆளை டெய்லர் பார்ப்பார். முகம் தெரியும்வரை பார்ப்பார். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு மிதியில் கால் வைப்பார். எந்த நாட்டுப் படமானாலும், அவர் பிறப்பதற்கு முந்திய படமானாலும் அப்படித்தான். அது பழக்கமாகிவிட்டது, பாவம்.

அவர் தேடியது தன் அண்ணனை.

நாற்பது வருடத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே, கைவிட்ட விமான ஓடுதளத்தில் வருடத்துக்கொரு தடவை மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும். அண்ணனுக்கு இருபத்தாறு வயது. மூன்றாவது வளைவுக்குக் கொடிக்காரர். சம்பளம் இல்லாத வேலை, ஆனால் அண்ணனுக்கு அதில் அப்படியொரு பெருமை. "மூணாவது வளைவு, வலப்பக்கம் திரும்புறது, அதுதான்டா ரொம்ப மோசமானது. அதான் என்னைப் போட்டிருக்காங்க" என்று வீட்டில் நூறு தடவை சொல்லியிருப்பார். தம்பிக்குப் பதினெட்டு வயது. தையல் கற்றுக்கொண்டு, தன் கையால் வெட்டித் தைத்த முதல் சட்டையை அண்ணனுக்குத்தான் கொடுத்தான். வெள்ளைச் சட்டை. பாக்கெட் மட்டும் அரை அங்குலம் அக்குளைப் பார்த்துச் சரிந்துவிட்டது. பிரித்துத் தைக்கிறேன் என்று கேட்டபோது அண்ணன் கொடுக்கவில்லை. "இருக்கட்டும்டா. சாய்வா இருந்தா பேனா விழாது" என்று சொல்லி, அதைப் பந்தயத்துக்கே போட்டுக்கொண்டு போனார்.

அந்தப் பந்தயத்தில்தான் விபத்து நடந்தது. மூன்றாவது வளைவைத் தாண்டி எட்டாம் எண் வண்டி சறுக்கி விழுந்தது. பின்னால் வந்த பதினோராம் எண் வேகம் குறையாமல் வந்து, விழுந்தவன் மேலேயே ஏறியது. எட்டாம் எண்காரனுக்குக் கால் போனது போனதுதான்; பிறகு கோலை ஊன்றித்தான் நடந்தான். பதினோராம் எண்ணில் வந்தவன் பந்தயம் நடத்திய சங்கத்தின் செயலாளருடைய மகன். மறுநாள் சங்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டியது: கொடிக்காரர் தன் இடத்தில் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்வார்களே, அது இதுதான்.

வீட்டில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யார் கேட்டாலும் பதில் சொல்லவில்லை. அப்போது இவர், பதினெட்டு வயது முட்டாள்தனத்தோடு, எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"அண்ணே, நிஜமாவே நீ டீ குடிக்கப் போயிட்டியா?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லீங்க" என்றார்.

அவ்வளவுதான். தம்பியை 'டேய்' என்று கூப்பிட்ட வாய் அன்றிலிருந்து 'வாங்க, போங்க' என்றது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. தம்பி கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியதே அண்ணன்தான். "சாப்பிட்டீங்களா" என்று மாப்பிள்ளையைக் கேட்டுவிட்டுப் போனதும் அவர்தான். அடி வாங்கினால் ஆறிவிடும். அண்ணன் கொடுக்கிற மரியாதையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சட்டையும் நின்றுபோனது. அண்ணன் அதற்குப் பிறகு ரெடிமேட் சட்டைதான் போட்டார். கூடப்பிறந்த தம்பி ஊரறிந்த டெய்லர், அண்ணன் கடையில் தொங்குவதை வாங்கிப் போடுகிறார் என்று தெருவே சிரித்தது. அண்ணனுக்கோ நீளமான கைகள். எந்தக் கடைச் சட்டையும் மணிக்கட்டுக்கு இரண்டு விரற்கடை மேலேயே நின்றுவிடும். எங்கே எதிர்ப்பட்டாலும் டெய்லரின் கண் முதலில் அந்த மணிக்கட்டில்தான் போய் விழும். ஊசி குத்தினால்கூட இவ்வளவு வலிக்காது.

கேட்டது தப்பு என்று அவருக்குத் தெரியும். அதைவிடப் பெரிய தப்பு மனசுக்குள் இருந்தது. பதில் கிடைத்த பிறகும் சந்தேகம் போகவில்லை. அண்ணனுக்கு டீ என்றால் உயிர் என்பது அவருக்குத் தெரியாதா? போயிருக்கலாமே? ஐந்தே ஐந்து நிமிடம்? இந்த அரிப்பை வெளியே சொல்லவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல்தான் பழைய பந்தயங்களைப் பார்க்க ஆரம்பித்தார். எவனாவது ஒருவன் அன்றைக்குக் கேமரா கொண்டுபோயிருக்க மாட்டானா என்ற ஆசை. தேடப்போன இடத்தில் டை கட்டிய மெக்கானிக்கும் நேரம் குறிக்கும் பெண்ணும் குறுக்கே ஓடிய நாயும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

போன மாதம், மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில், அந்தப் படம் வந்தது.

பழைய பந்தயப் படங்களைச் சேகரித்து இணையத்தில் போடும் கூட்டம் ஒன்று உண்டு. எங்கோ ஒரு டாக்டர் வீட்டுப் பரணில் கிடைத்த சுருளைச் சுத்தம் செய்து போட்டிருந்தார்கள். மூன்று நிமிடப் படம். நிறம் வெளிறி எல்லாமே செம்மண்ணாகத் தெரிந்தது. கீழே வருடமும் ஓடுதளத்தின் பெயரும் இருந்தன. டெய்லர் மிதியிலிருந்து காலை எடுத்தார். மனைவி காஜா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

முதலில் கூட்டம். பிறகு வண்டிகள் கிளம்புகின்றன. பிறகு ஒரு வளைவு. வண்டிகள் வலப்பக்கம் திரும்புகின்றன. எட்டு போகிறது, பின்னால் இன்னும் சில. வளைவின் ஓரத்தில் டயர் அடுக்கு இருக்கிறது, புல் இருக்கிறது. ஆள் இல்லை.

பாதைக்கு ஒரு வரைபடமும் கூடவே போட்டிருந்தார்கள். கூர்மையான வளைவு இரண்டுதான்: மூன்றாவது வலப்பக்கம், ஐந்தாவது இடப்பக்கம். சந்தேகமே இல்லை. பார்த்தவர்கள் கீழே எழுதவும் ஆரம்பித்திருந்தார்கள். 'கொடிக்காரன் ஓடிப்போன வளைவு இதுதானா', 'பாவம் அந்த எட்டாம் நம்பர்' என்றெல்லாம்.

நாற்பது வருடம் தேடியது கையில் கிடைத்து, அது இப்படியா இருக்க வேண்டும்? அண்ணன் பொய் சொன்னதற்காகக்கூட அவருக்கு வருத்தம் வரவில்லை. அண்ணன் பொய்தான் சொல்கிறார் என்று உள்ளுக்குள் நினைத்த தன் புத்தி சரியாகிப்போனதே, அதுதான் தாங்கவில்லை.

படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு வளைவு, இங்கே வண்டிகள் இடப்பக்கம் திரும்பின. இங்கே ஒரு கொடிக்காரர் நின்றார். முகத்தைக் கொடி மறைத்தது. பாதைக்குள் பாதி உடம்பை நீட்டி, மஞ்சள் கொடியை வெறி பிடித்தவர் போல ஆட்டினார். பதினோராம் எண் வண்டி தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அவர் முழங்கையை உரசுவது போலப் பறந்தது. படம் முடிந்தது.

"அஞ்சாவது வளைவுக்காரர் எப்படி வேலை பாக்கறார் பாருங்க" என்றாள் மனைவி, எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"வேலை பாத்தார், சரி. இவருக்கு எந்தப் புண்ணியவான் தச்சான்?" டெய்லருக்குத் துக்கத்திலும் தொழில் மறக்கவில்லை. "பாக்கெட்ட வலப்பக்கம் வச்சிருக்கான் பாரு. ஆம்பள சட்டைக்கு எவனாவது வலப்பக்கம் பாக்கெட் வைப்பானா?"

"ஒரு பாக்கெட்தானே. விடுங்க."

"விடறதா? அதுவும் கோணல் வேற..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். படத்தை முதலிலிருந்து ஓட்டினார். கூட்டத்தில் நிறுத்தினார். முன் வரிசையில் தொப்பி போட்ட ஒருவர், பாக்கெட் வலப்பக்கம். அவருக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக்காரர், வலப்பக்கம். அடுத்தவர் படத்தில் பெரிதாகத் தெரிந்தார். பொத்தான் போட்ட இடத்தில் சட்டையின் வலப் பட்டி இடப் பட்டிக்கு மேலே ஏறியிருந்தது. பெண்கள் சட்டைக்குத்தான் அப்படி வைப்பார்கள்.

"ஒரு டெய்லர் தப்பாத் தைக்கலாம்" என்றார், மெதுவாக. "ஊர்ல இருக்கற அத்தனை டெய்லருமா தப்பாத் தைப்பான்?"

துணியில் நல்ல பக்கம், உள் பக்கம் என்று இருக்கிறது. புரட்டிப் போட்டு வெட்டிவிட்டால் இரண்டு கையும் இடக்கையாகிவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் எல்லா டெய்லரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு. படச்சுருளும் அப்படித்தானே? உள் பக்கத்தை வெளியே வைத்து மாட்டினாலும் படம் ஓடத்தான் செய்யும். இடது வலதாகிவிடும், அவ்வளவுதான். பெயர்ப்பலகை ஒன்று இருந்திருந்தால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும். இந்தப் படத்தில் புழுதியைத் தவிர ஒன்றுமில்லை. தெளிவாகத் தெரிந்தவை இரண்டே எண்கள். எட்டையும் பதினொன்றையும் எப்படிப் புரட்டினாலும் அதேதான்.

கடையின் மூலையில், சட்டை போட்டுப் பார்ப்பதற்கு ஆளுயரக் கண்ணாடி உண்டு. டெய்லர் எழுந்துபோய் செல்போனை அதற்கு எதிரே பிடித்தார். கண்ணாடிக்குள் பந்தயம் நேரானது. ஆளில்லாத வளைவு இடப்பக்கம் திரும்பியது. அது ஐந்தாவது. கொடிக்காரர் நின்ற வளைவு வலப்பக்கம் திரும்பியது. அது மூன்றாவது. வெள்ளைச் சட்டையில் பாக்கெட் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தது, அரை அங்குலம் அக்குளைப் பார்த்துச் சரிந்தபடி. முகம் தெரியாவிட்டால் என்ன? தன் முதல் பாக்கெட்டை அவருக்குத் தெரியாதா?

அவர் அழுத சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மனைவி கையசைத்து அவரை அனுப்பிவிட்டுப் புருஷன் தோளில் தட்டினாள்.

"கண்ணால காண்பதும் பொய்னு சும்மாவா சொன்னாங்க. சுருளப் போட்டவங்களுக்கு நான் எழுதிக்கறேன், நீங்க எழுதினா நாலு நாளாகும். கிளம்புங்க. இத முதல்ல பாக்க வேண்டியவர் அங்க இருக்கார்."

அண்ணனுக்கு வேலை சந்தைக்கு வெளியே இருக்கும் எடை மேடையில். லாரிகள் ஏறி நிற்கும். சின்ன அறையில் உட்கார்ந்து எடையைக் குறித்துச் சீட்டுக் கொடுப்பார். 'இன்னும் முன்னால வா, நிறுத்து' என்று ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுவார். ஓய்வு வயது தாண்டியும் அவரை விடாமல் வைத்திருந்தார்கள்; வேலை நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனிதர் வேறு எங்கே கிடைப்பார்? டீக்கடை எதிரிலேயே இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் ஒரு நாளும் அங்கே போனதில்லை. வாங்கி வந்து கொடுத்தாலும் வேலை முடிகிற வரைக்கும் தொடமாட்டார்.

டெய்லர் வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்றார். கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது.

"வாங்க, உக்காருங்க" என்றார் அண்ணன். "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்கண்ணே. ஒரு படம் காட்டணும். கண்ணாடி வேணும்."

லாரியின் பின்சக்கரம் மேடையில் ஏறிவிட்டதா என்று பார்க்க ஜன்னலுக்கு வெளியே ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. டெய்லர் அதைத் திருப்பி, செல்போனை எதிரே பிடித்தார். அண்ணன் குழப்பத்தோடு எட்டிப் பார்த்தார். ஆளில்லாத வளைவு வந்தபோது, "இது அஞ்சாவது. இங்க ஆள் போடவே மாட்டாங்க. இருந்தது நாலு கொடிதான்" என்றார், நேற்று நடந்ததைச் சொல்வது போல. அடுத்த வளைவு வந்தது. வெள்ளைச் சட்டை வந்தது. அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தலைய நிமுத்தவே இல்ல அந்தப் பையன்" என்றார் கடைசியில். "எவ்வளவு கத்தினேன். இஞ்சின் சத்தத்துல எங்க கேக்கும்."

"நீ அங்கதாண்ணே நின்னிருக்க!"

அண்ணன் திரும்பிப் பார்த்தார். அதே பார்வை.

"நான் நின்னது எனக்குத் தெரியுமே. நாப்பது வருஷமாத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

வழியெல்லாம் டெய்லர் என்னென்னவோ யோசித்துக்கொண்டு வந்திருந்தார். எல்லாருக்கும் காட்டலாம், செயலாளர் வீட்டுக்கே போய்க் காட்டலாம் என்று. அதெல்லாம் தொண்டைக்குக் கீழே போய்விட்டது.

"ஆமாண்ணே" என்றார். "எனக்குத்தான் தெரியல. நீ இல்லேன்னு சொன்னப்பவே நம்பியிருக்கணும். படம் வந்துதான் நம்பினேன். என்னை நீ எப்படிக் கூப்பிட்டாலும் தகும்."

அண்ணன் பேனாவை எடுத்தார். மேடையில் நின்ற லாரிக்குச் சீட்டு எழுதினார். கிழித்துக் கொடுத்தார். அடுத்த லாரியைக் கை காட்டி ஏற்றினார். டெய்லர் போவதா நிற்பதா என்று தெரியாமல் டேப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை போடுங்க அத."

போட்டார். கொடிக்காரர் வந்ததும் அண்ணன் கண்ணாடிக்கு இன்னும் கிட்டே குனிந்தார். உதடு கோணியது. சிரிப்பா வேறு எதுவுமா என்று தெரியவில்லை.

"பாக்கெட் என்ன இப்படித் தொங்குது?"

"முதல் சட்டைண்ணே."

"அத உங்களுக்குத் தெரியாம மூணு வருஷம் போட்டேன். பேனா ஒரு நாளும் விழல."

சொல்லிவிட்டு, வேலை நேரத்தில், லாரி மேடையில் நிற்கும்போது, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். அறைக்கு நடுவில் வந்து நின்று இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினார். கடைச் சட்டையின் கை மணிக்கட்டை விட்டு மேலே ஏறியது.

"டேப்பதான் கழுத்துலயே மாட்டிக்கிட்டு வந்திருக்கியே. அப்புறம் என்னடா நிக்கற? அளவெடு."

டெய்லர் டேப்பைத் தோளில் வைத்தார். அது இரண்டு தடவை நழுவியது.

"பாக்கெட்ட நேரா வச்சிடறேண்ணே."

"எவன் கேட்டான் நேரா? பழையபடியே வையி."

வெளியே லாரிக்காரர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார். இன்னொரு தடவை, நீளமாக அடித்தார். அண்ணன் கையை இறக்கவில்லை.